டாக்டர் பட்டத்துக்குப் பிந்திய ஆராய்ச்சிப் பதவிகள்: தேடுவோரும் தருவோரும்

அரசாங்க அறிவிப்புகளைத் தமிழில் பெயர்க்கும் பணியில் உள்ளவர்களுக்குச் சில சொற்கள் எளிதில் வசப்படுவதில்லை. 'போஸ்ட் டாக்டரல் பொசிஷன்' என்பது அவற்றுள் ஒன்று. டாக்டர் பட்டம் பெற்ற பின்னர், நிலையான உத்தியோகம் கிடைப்பதற்குமுன், ஓர் ஆராய்ச்சியாளர் சில ஆண்டுகள் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருந்து பணியாற்றும் நிலையை அது குறிக்கின்றது. அதைப் பதவி என்பதா, பணி என்பதா, பயிற்சி என்பதா? பதவி என்றால் நிலைபேறு தொனிக்கிறது. இங்கோ நிலைபேறு இல்லை. பணி என்றால் ஊதியமும் விடுப்பும் சேமநிதியும் நினைவுக்கு வருகின்றன. பயிற்சி என்றால் டாக்டர் பட்டம் பெற்றவரை மீண்டும் மாணவராக்கிவிடுகிறோம். பலமுறை யோசித்துப் 'பதவி' என்றே எழுதினேன். எனினும் மனம் அமைதி கொள்ளவில்லை. இக்குழப்பம் சொல்லைப் பெயர்ப்பவனின் குழப்பம் மட்டுமன்று, அந்நிலையிலேயே அமைந்திருக்கும் குழப்பம் என்பது பின்னர்த்தான் எனக்கு விளங்கியது.

சென்ற ஆண்டு கோடையில் என் தமக்கையின் மகள் ஒரு நேர்முகத் தேர்வின் பொருட்டுத் தலைநகருக்கு வந்து எங்கள் இல்லத்தில் தங்கியிருந்தாள். அவள் பௌதிகம் பயின்றவள், எம்.ஆர்.ஐ. படங்களைத் தெளிவாக்கும் கணித முறை பற்றி ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றவள். வயது முப்பத்திரண்டு. மேசைமீது இருந்த என் கையெழுத்துப் பிரதியைப் பார்த்துவிட்டு, "மாமா, பதவி என்று எழுதியிருக்கிறீர்களே! இதற்கு முன் நான் இரண்டு ஆண்டுகள் இருந்தேனே, அது பதவிதானா என்று எனக்கே தெரியவில்லை" என்றாள்.

அவள் கூறிய வரலாறு இது. மூளைப் படிம ஆராய்ச்சிக்கு ஆள் தேவை என்ற விளம்பரத்தைக் கண்டு அவள் ஓரிடத்தில் சேர்ந்தாள். சேர்ந்த பின்னரே, படமெடுக்கும் இயந்திரம் அண்டையிலுள்ள மருத்துவமனைக்குச் சொந்தமானது என்பது தெரிந்தது. பகல் முழுவதும் அது நோயாளிகளுக்கு உரியது. ஆராய்ச்சிக்கு வாரத்தில் இரண்டு இரவுகளே, அவையும் இயந்திரத்தை இயக்குபவர் வர இசைந்தால் மட்டுமே கிடைக்கும். மனிதர்களை ஆய்வுக்கு உட்படுத்துவதற்கு வேண்டிய நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கு அவள் வந்த பிறகே விண்ணப்பம் எழுதப்பட்டது. அனுமதி கிட்ட ஏழு மாதங்கள் சென்றன. முதல் நான்கு மாதங்களுக்குரிய உதவித்தொகை ஐந்தாம் மாதத்தில் ஒருசேர வந்தது. உருப்படியான வேலை தொடங்கி ஓராண்டு நிறைவதற்குள் திட்டம் முடிந்துவிட்டது. கையில் எஞ்சியது அரைகுறையாக நின்ற ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையே.

இதில் குறிப்பிடத்தக்கது யாதெனில், அங்கு எவரும் அவளுக்குத் தீங்கு நினைக்கவில்லை. அவளும் உழைப்பில் குறை வைக்கவில்லை. தருபவர்கள் சொல்லவேண்டியதைச் சொல்லவில்லை. தேடியவள் கேட்கவேண்டியதைக் கேட்கவில்லை. அவ்வளவே. ஆனால் அந்த இரண்டு ஆண்டுகள் திரும்பி வரமாட்டா.

படிமவியல், அதாவது உடலின் உட்பகுதிகளையும் உயிரணுக்களின் அமைப்பையும் படமாக்கிக் காட்டும் துறை, ஏனைய விஞ்ஞானத் துறைகளைப் போன்றதன்று. அதற்குரிய கணிதம் ஓரிடத்திலும், இயந்திரம் மற்றோரிடத்திலும், நோயாளி வேறோரிடத்திலும் இருப்பர். இரசாயனத்தில் ஆராய்ச்சி செய்பவருக்கு வேண்டியவை பெரும்பாலும் ஒரே கட்டடத்தில் அமைந்துவிடும். எம்.ஆர்.ஐ. முறையில் ஆராய்ச்சி செய்பவரோ காந்தப் புலத்தில் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் நடந்துகொள்ளும் விதத்தைப் பௌதிக அறிஞரிடமும், அக்கருக்கள் தரும் சைகையைப் படமாக மாற்றும் முறையைக் கணித அறிஞரிடமும், அப்படம் காட்டும் நோயை மருத்துவரிடமும் கற்கவேண்டியவர். ஆதலால் இத்துறையில் இடம் தேடுபவருக்கு ஒரே வாயில் கிடையாது. பௌதிகப் பகுதி, பொறியியல் நிலையம், மருத்துவமனை, உயிரியல் ஆய்வுக்கூடம் ஆகிய நான்கிடத்தும் அவர் கதவைத் தட்டவேண்டியிருக்கிறது.

இவ்வாறு துறை கடந்து செல்வது இத்துறையின் பிறப்பிலேயே உள்ளது. உடலைப் பல கோணங்களிலிருந்து எக்ஸ் கதிரால் படமெடுத்து, அப்படங்களிலிருந்து உட்புறத்தை மீண்டும் அமைத்துக் காட்டுவது சி.டி. ஸ்கேன். 1971 அக்டோபரில் லண்டனிலுள்ள ஒரு மருத்துவமனையில் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளை இம்முறையில் படமெடுக்கப்பட்டது. அதே ஆண்டில், உருவத்தை விரைவாக மீட்டமைக்கும் கணித முறை ஒன்றை ஜி. என். இராமச்சந்திரனும் ஏ. வி. இலட்சுமிநாராயணனும் வெளியிட்டனர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் பௌதிகப் பகுதிக்குத் தலைமை தாங்கிக் கொல்லாஜன் என்னும் புரதத்தின் அமைப்பை ஆராய்ந்தவர் இராமச்சந்திரன், மருத்துவர் அல்லர். அவர்களுடைய முறை இன்றும் 'ராம்-லாக்' என்ற பெயரால் வழங்குகின்றது.

பட்டத்துக்குப் பிந்திய ஆண்டுகள் எதற்கு உதவவேண்டும் என்பதை இரண்டு வரலாறுகள் விளக்கும். எம்.ஆர்.ஐ. முறைக்காக 2003 ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்ற இருவருள் ஒருவரான பீட்டர் மான்ஸ்பீல்டு, 1962 இல் லண்டனில் டாக்டர் பட்டம் பெற்றதும் அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஸ்லிக்டரின் ஆய்வுக்கூடத்துக்குச் சென்று இரண்டு ஆண்டுகள் இருந்தார். அங்கு அவர் ஆராய்ந்தது உலோகங்களை. மனித உடலை அன்று. ஆயினும் அணுக்காந்த ஒத்ததிர்வில் அவர் பெற்ற தேர்ச்சியே பின்னர் நாட்டிங்காமில் உடலைப் படமாக்கும் பணிக்கு மூலதனமாயிற்று.

மற்றொருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன். 1976 இல் பௌதிகத்தில் டாக்டர் பட்டம் பெற்ற அவர், உயிரியலே தமக்கு உகந்தது என உணர்ந்து, பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டே கலிபோர்னியாவில் இரண்டு ஆண்டுகள் மாணவராக அமர்ந்து உயிரியல் பயின்றார். பின்னர் யேல் பல்கலைக்கழகத்தில் பீட்டர் மூரின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, நியூட்ரான் சிதறல் முறையால் ரிபோசோமின் அமைப்பை ஆராயத் தொடங்கினார். அதன்பின் ஆசிரியப் பதவி வேண்டி ஏறக்குறைய ஐம்பது பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தும் ஓரிடமும் வாய்க்கவில்லை. ஆனால் அவர் பற்றிய வினா அவரை விடவில்லை. அதே ரிபோசோம் 2009 இல் நோபெல் பரிசைத் தேடித் தந்தது. நல்ல வினாவும், அதை அணுகும் கருவியில் தேர்ச்சியும் ஒருவர் பெற்றுவிட்டால், பின்னர் வரும் இடர்களைத் தாங்கும் வலிமை உண்டாகின்றது என்பதே இவற்றால் பெறப்படுவது. ஆகவே ஊரின் பெயரையும் நிலையத்தின் புகழையும் நோக்கித் தேடுவதைவிட, 'எந்த வினா? எந்தக் கருவி? யாரிடம்?' என்று தேடுவதே முறையாகும்.

நமது நாட்டில் இத்தகைய இடங்கள் இரு வகையில் கிடைக்கின்றன. இவற்றுக்கிடையே உள்ள வேறுபாட்டை இளைஞர்கள் நன்கு அறிந்திருத்தல் வேண்டும். முதல் வகை, ஒரு விஞ்ஞானி பெற்ற ஆராய்ச்சித் திட்டத்தின் பணத்திலிருந்து அமர்த்தப்படும் 'ரிசர்ச் அசோசியேட்' இடம். 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசாங்க விதிப்படி, இவர்களுக்குரிய மாத உதவித்தொகை மூன்று படிகளில் ரூ. 58,000, ரூ. 61,000, ரூ. 67,000 என வகுக்கப்பட்டது. வீட்டு வாடகைப்படி தனி. இங்கே வினா திட்டத் தலைவருடையது. திட்டம் முடிந்தால் இடமும் முடியும்.

இரண்டாம் வகை, ஆராய்ச்சியாளர் தம் பெயரிலேயே போட்டியிட்டுப் பெறும் உதவித்தொகை. உயிர்த்தொழில்நுட்பத் துறையின் ரிசர்ச் அசோசியேட் திட்டம் முதல் வகையின் பெயரைத் தாங்கியிருப்பினும் இவ்வகையைச் சார்ந்ததே. விஞ்ஞான, பொறியியல் ஆராய்ச்சி வாரியம் நடத்திவந்த தேசிய உதவித்தொகைத் திட்டம் மற்றொன்று. 2023 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனம் அதை ஏற்றுக்கொண்டது. அதன் காலம் இரண்டு ஆண்டுகள். முப்பத்தைந்து வயது வரம்பும், பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பிற்பட்டோர், உடல் ஊனமுற்றோர் ஆகியோருக்கு ஐந்தாண்டுத் தளர்வும் அதன் அறிவிப்புகளில் காணப்படுவன. 2008 இல் உயிர்த்தொழில்நுட்பத் துறையும் இங்கிலாந்தின் வெல்கம் அறக்கட்டளையும் கூடித் தோற்றுவித்த 'இந்தியா அலையன்ஸ்' உயிர்மருத்துவ ஆராய்ச்சிக்கென நீண்டகால உதவிகளை அளித்துவந்திருக்கிறது. இவ்வகையில் வினா ஆராய்ச்சியாளருடையது. பணமும் அவரைத் தொடர்ந்து வருகின்றது. முயற்சி அதிகம், போட்டியும் அதிகம், சுதந்திரமும் அதிகம்.

எங்கே தேடுவது? மானேசரிலுள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம், பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ், திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம், லக்னோவிலுள்ள உயிர்மருத்துவ ஆராய்ச்சி மையம் ஆகியவை இத்துறையினர் அறிந்த பெயர்கள். பெங்களூரில் தேசிய உயிரியல் விஞ்ஞான மையத்தைச் சூழ்ந்த வளாகத்தில் உயர்ந்த மின்னணு நுண்பெருக்கிகள் உள்ளன. சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை ஆராய்ச்சி மையம் கருவிலுள்ள சிசுவின் மூளையை உயிரணு அளவில் காட்டும் படத்தொகுதியை 2024 இல் வெளியிட்டது. அரசாங்க உதவியால் வாங்கப்பட்ட கருவிகள் எங்கெங்கே உள்ளன என்பதை ஒருங்கே காட்டும் 'ஐ-ஸ்டெம்' என்ற ஏற்பாடு 2020 ஜனவரியில் தொடங்கப்பட்டது. இளைஞர்கள் வேலை விளம்பரப் பட்டியலைப் பார்ப்பதற்குமுன் இந்தக் கருவிப் பட்டியலைப் பார்ப்பது நன்று. கருவி இருக்குமிடத்தில் வினா இருக்கும். வினா இருக்குமிடத்தில் ஆள் தேவைப்படும்.

ஓரிடத்தை ஏற்றுக்கொள்ளுமுன் நான்கு கேள்விகள் கேட்டே ஆகவேண்டும் என்பது என் கருத்து.

முதலாவது: இயந்திரம் யாருடையது? வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஆராய்ச்சிக்கு ஒதுக்கப்பட்டுள்ளது? இயக்குபவர் யார்?

இரண்டாவது: நெறிமுறைக் குழுவின் அனுமதி முன்பே பெறப்பட்டுள்ளதா? மனிதர்களை உட்படுத்தும் உயிர்மருத்துவ ஆராய்ச்சி எதுவும் இத்தகைய குழுவின் பரிசீலனைக்கு உட்படவேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017 இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின் கட்டளை. இது நோயாளியைக் காக்கும் நல்ல விதி, இதைக் குறைகூறுவதற்கில்லை. ஆனால் இரண்டாண்டுப் பதவியில் அனுமதிக்கெனக் கழியும் மாதங்கள் ஆராய்ச்சியாளரின் கணக்கிலேயே எழுதப்படுகின்றன.

மூன்றாவது: எடுக்கப்படும் படங்களை யார் பயன்படுத்தலாம்? பதவி முடிந்த பின்னரும் அவற்றைக் கொண்டு கட்டுரையை முடிக்க இசைவு உண்டா? ஆசிரியர் வரிசை எவ்வாறு தீர்மானிக்கப்படும்?

நான்காவது: பணம் எங்கிருந்து, எத்தனை மாதங்களுக்கு வருகிறது? இவ்வாண்டுக்குரிய தவணை வந்துவிட்டதா?

இவற்றைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் இளைஞர்கள் எண்ணுகிறார்கள். வயதிலும் அறிவிலும் மூத்தவரிடம் பணத்தையும் நேரத்தையும் பற்றிப் பேசுவது நம் வழக்கத்துக்கு ஒவ்வாது என்ற கூச்சம் அவர்களுக்கு இருக்கிறது. கூச்சம் நற்குணமாகலாம், அதன் விலை இரண்டு ஆண்டுகள் என்றால் அவ்விலை மிகுதி. மேலும், தன் வேலையை நன்கு திட்டமிட்டவரே இவ்வாறு கேட்பார் என்பதை நல்ல தலைவர் உணர்வார். அதே ஆய்வுக்கூடத்தில் முன்னர் இருந்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரிப்பதும் பயன் தரும். அவர்களுள் இருவரோடு பேசினால், விளம்பரத்தில் இல்லாத பலவும் தெரியவரும்.

விண்ணப்பக் கடிதம் எழுதும் முறையையும் இங்கே சொல்லவேண்டும். ஒரே கடிதத்தை நூறு பேருக்கு அனுப்புவது நூறு குப்பைக் கூடைகளை நிரப்பும். ஒருவருடைய அண்மைக்காலக் கட்டுரைகளுள் இரண்டையேனும் படித்து, அவற்றில் விடுபட்ட கேள்வி எது, அதற்குத் தாம் கொண்டுவரும் திறமை எது என்பதை ஒரு பக்கத்துக்குள் எழுதவேண்டும். கணிதத்திலிருந்து வருபவர், தமக்கு மருத்துவம் தெரியாது என்பதை மறைக்கவேண்டியதில்லை. எதைக் கற்கச் சித்தமாயிருக்கிறார் என்பதைச் சொன்னால் போதும்.

வெளிநாடு செல்ல விரும்புவோருக்கும் இதுவே பொருந்தும். பௌதிகம், கணிதம், பொறியியல் முதலியவற்றில் பட்டம் பெற்று உயிர் விஞ்ஞானத்துக்கு மாற விரும்புவோருக்கெனவே ஸ்ட்ராஸ்பர்க் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஹியூமன் பிராண்டியர் சயன்ஸ் புரோகிராம் ஒரு தனி உதவித்தொகை வகுத்தது. படிமவியலில் ஈடுபட்ட பௌதிக மாணவருக்கு இதைவிடப் பொருத்தமானது அரிது. ஆயினும் இதன் பெயரை நம் மாணவருள் பலர் கேள்விப்பட்டதேயில்லை. ஜெர்மனியின் ஹும்போல்ட் அறக்கட்டளையும், ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி திட்டமும் பிற வழிகள். இவை ஒவ்வொன்றும் பட்டம் பெற்ற நாளிலிருந்து இத்தனை ஆண்டுகளுக்குள் என்று எல்லை வகுக்கின்றன. எனவே பட்டத்துக்கு ஓராண்டு முன்னரே தேடத் தொடங்குவது அறிவுடைமை.

"இடங்களே சொற்பம், தேடும் முறையைப் பற்றிப் பேசி என்ன பயன்?" என்று சிலர் கேட்கக்கூடும். இடங்கள் பெருகவேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் சொற்பமான இடங்களும் வீணாவதைத் தடுப்பதற்குப் புதிய பணம் வேண்டியதில்லை. ஆராய்ச்சி நிலையங்கள் தம் அறிவிப்பில் மேலும் ஐந்து வரிகளைச் சேர்த்தால் போதும்: பதவியின் காலம், பணத்தின் மூலம், இயந்திர நேரம், நெறிமுறை அனுமதியின் நிலை, விடுப்பு விதிகள். அனுமதி கிடைத்த பிறகே ஆளை அமர்த்துவது என்ற ஒழுங்கையும் அவை மேற்கொள்ளலாம். உதவித்தொகை மாதந்தோறும் தவறாமல் கிடைக்க வழிசெய்வது பணம் வழங்கும் துறைகளின் கடமை. முப்பது வயதைக் கடந்தவருக்கு, குறிப்பாகக் குடும்பப் பொறுப்பையும் ஏற்று ஆராய்ச்சியிலும் ஈடுபடும் பெண்களுக்கு, நான்கு மாதத் தாமதம் ஆராய்ச்சியையே கைவிடச் செய்யும் தாமதமாகும். பட்டம் வரை அவர்களைப் பயிற்றுவிக்கப் பொதுமக்களின் பணம் செலவிடப்பட்டிருக்கிறது. அவர்களை வாயிற்படியில் இழப்பது நாட்டுக்கும் நட்டமே.

இக்கட்டுரையை எழுதும் என் போன்றோருக்கும் ஒரு பங்கு உண்டு. அறிவிப்பு தெளிவற்றிருந்தால் அதன் தமிழும் தெளிவற்றே இருக்கும் என்று கூறி நாங்கள் தப்பித்துக்கொள்ளலாம். அவ்வாறன்றி, 'இச்சொல்லால் தாங்கள் கருதுவது யாது?' என்று கோப்பின் ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பலாம். அன்று நான் அதையே செய்தேன். விடை வர மூன்று வாரங்கள் ஆயின. 'கால வரையறையுள்ள ஆராய்ச்சிப் பதவி; காலம் இருபத்து நான்கு மாதங்கள்' என்று திருத்தி எழுத அவ்விடை இடமளித்தது. சொல் அழகாக இல்லை. ஆனால் படிப்பவர் ஏமாறமாட்டார்.

என் மருமகள் நேர்முகத் தேர்வில் அந்த நான்கு கேள்விகளையும் கேட்டாள். குழுவில் ஒருவர் முகம் சுளித்தாராம்; மற்றொருவர் ஒவ்வொன்றுக்கும் நிதானமாக விடையளித்தாராம். இயந்திர நேரம் குறைவு என்று அறிந்ததும் அவள் அவ்விடத்தை நாடவில்லை. நான்கு மாதங்களுக்குப் பின் வேறோர் ஊரில், அவ்வளவு பெயர் பெறாத ஓர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தாள். சேர்ந்த முதல் வாரத்தில் எனக்கு எழுதிய கடிதத்தில், இயந்திர அறையின் கதவில் ஒட்டியிருந்த அட்டவணையில் செவ்வாய், வியாழன் பிற்பகல்களில் தன் பெயர் எழுதப்பட்டிருந்தது என்று குறிப்பிட்டிருந்தாள்.